தண்டவாளமும் தலைவிதியும்

புகையிரத விபத்து நேர்ந்த மறுநாள் வெளியாகும் பத்திரிகைகளை வரிசையாக எடுத்து வைத்துப் படிப்பவர், செய்தியைக் காட்டிலும் செய்தி சொல்லப்படும் மொழியை முதலிற் கவனித்தல் நன்று. எமனாக வந்தது புகையிரதம், பலியெடுத்தது தண்டவாளம், விதி விளையாடியது, காலன் கணக்கைத் தீர்த்தான். இந்தச் சொற்றொடர்களில் எழுவாய் இருக்கிறது, பயனிலையும் இருக்கிறது. மனிதர் செய்த செயல், மனிதர் செய்யாது விட்ட செயல் என்று மட்டும் எதுவும் இல்லை. இரும்பு தானே ஓடி வந்து மனிதனைக் கொன்றது போலவும், அதனைச் செய்தவரும் செலுத்தியவரும் நிருவகித்தவரும் இவ்வுலகிலேயே இல்லாதது போலவும் அம்மொழி அமைந்து விடுகிறது.

இது வெறும் நடைப்பிழையன்று, நோக்கின் பிழை. விபத்து என்ற சொல்லுக்கு அதன் வடமொழி மூலத்தில் ஆபத்து, துன்பம் என்பனவே பொருள். ‘எவராலும் தடுக்க முடியாதது’ என்ற பொருள் நாம் பின்னர் அதன்மீது ஏற்றியது. அவ்வாறு ஏற்றியதனால் நன்மை பெற்றவர் எவர், தீமை பெற்றவர் எவர் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் பேசுவது நமது தொழிலன்று. ஆயினும் பொறியியலாளர் கண்டுபிடித்த உண்மை ஒன்றை எழுத்தாளர் நெடுங்காலமாகக் காண மறுத்து வந்திருக்கின்றனர். அதனை எடுத்துக் கூறுவது விமர்சகனின் கடமை.

கொழும்பில் வாழும் தமிழருக்கு இப்பொருள் தொலைவிலுள்ளதன்று. வெள்ளவத்தையின் மேற்கெல்லை கடல் எனப் புவியியல் நூல் கூறலாம். அங்கு குடியிருப்பவருக்கு மேற்கெல்லை தண்டவாளமே. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் மரைன் டிரைவைத் தாண்டியதும் இருப்புப் பாதையைச் சந்திக்கின்றன. அப்பால் கற்பாறையும் அலையும். காற்று வாங்கச் செல்லும் முதியவரும், மீன்பிடிக்கச் செல்பவரும், மாலை வேளையில் கடற்கரையை நாடும் இளைஞரும் அப்பாதையைக் கடந்தே ஆகவேண்டும். காலையில் காலி, அளுத்கமை, பாணந்துறை ஆகிய திசைகளிலிருந்து கோட்டைக்கும் மருதானைக்கும் விரையும் வண்டிகளின் வாயில்களில், மிதிபலகைமீது ஒற்றைக் காலை ஊன்றி ஒற்றைக் கையால் கம்பியைப் பற்றித் தொங்கியவாறு தொழிலுக்குச் செல்லும் மக்களை எவரும் காணலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து மலைநாட்டிலும் வடக்கிலும் கிழக்கிலுமுள்ள உறவினரிடம் செல்பவரும் கோட்டைக்கோ மருதானைக்கோ சென்று, அதே நெரிசலில் இடம்பிடித்தே பயணத்தைத் தொடங்குகின்றனர். ஆகவே புகையிரதப் பாதுகாப்பு என்பது நமது அன்றாட வாழ்வின் பிரச்சினை. அதனை நமது எழுத்து எவ்வாறு கண்டிருக்கிறது?

இந்த இருப்புப் பாதை யாருக்காகப் பிறந்தது என்பதை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். 1864ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடியது; 1867இல் பாதை கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுவருவதே அதன் தலையாய நோக்கம். கரையோரப் பாதை பின்னர் மெல்ல மெல்லத் தெற்கே நீண்டு, 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் அடைந்தது. சரக்குக்காகப் பிறந்த பாதையில் மனிதர் பின்னர் ஏறிக்கொண்டனர். சரக்கு மூட்டை மிதிபலகையில் தொங்குவதில்லை. அதனை உள்ளே அடுக்கி வைத்துப் பூட்டுவர். மனிதனைத் தொங்கவிட்டு, அவன் விழுந்தபின் அவனது அசிரத்தையைப் பற்றி அறிக்கை விடும் வழக்கம் அப்பழைய மனப்பான்மையின் எச்சமே.

தமிழ் நாட்டின் அச்சுலகிற்குப் புகைவண்டி வந்தபோது, குஜிலிக் கடைப் பதிப்புகள் எனப்பட்ட மலிவு விலைச் சிந்துகள் அதனை உடனே பாடுபொருளாக்கின. கொலை, வெள்ளம், புயல், வண்டி கவிழ்தல் ஆகிய யாவும் காலணா அரையணாப் புத்தகங்களாகிச் சந்தையிலும் நிலையத்திலும் விற்பனையாயின. கற்றோர் எள்ளி நகையாடிய அச்சிந்துகளை நாம் எள்ளுதல் தகாது. செய்தித்தாள் வாங்க இயலாத மக்களுக்குச் செய்தி சொன்னவை அவை. மாண்டவர்க்காக அழுதவை அவை. ஆயினும் அழுகையின் முடிவில் அவை சென்றடைந்த இடம் பெரும்பாலும் ஊழ்வினையே. அன்று அதற்கு நியாயமிருந்தது. அந்நியன் போட்ட பாதையில், அந்நியன் வகுத்த விதிப்படி ஓடிய வண்டியைப் பற்றிக் கேள்வி கேட்க மக்களுக்கு மன்றமேது? கேட்க இடமற்றவன் விதியை நோவது இயல்பு. கேட்க இடமிருந்தும் விதியை நோவது வேறு.

நமது மரபு ஊழை மட்டும் கற்பித்தது என்று கூறுவதும் உண்மையன்று. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். தளராத முயற்சி ஊழையே தோற்கச் செய்யும் என்றவரும் அவரே. ஊழ்வினை வந்து ஊட்டும் என்பதைத் தன் முப்பெரும் கருத்துகளில் ஒன்றாக அறிவித்த சிலப்பதிகாரத்தில், கண்ணகி ஊழை நொந்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை. கையிலிருந்த சிலம்பைச் சான்றாக ஏந்தி அரசவைக்குச் சென்றாள். விசாரணை பிழை என்று காட்டினாள். ஊழ் என்ற சொல் காப்பியத்தில் இருக்கிறது. வாயிலில் நின்று நீதி கேட்ட பெண்ணும் இருக்கிறாள். நமது விபத்து எழுத்து முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை மறந்துவிட்டது.

மேனாட்டுப் பேரிலக்கியங்களும் இக்குறையினின்றும் முற்றாக நீங்கியவை அல்ல. டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் அன்னாவும் விரோன்ஸ்கியும் சந்திக்கும் நிலையத்தில், பின்னோக்கி வந்த வண்டியில் நசுங்கிக் காவலாளி ஒருவன் இறக்கிறான். அவன் குடித்திருந்தானோ, கடுங்குளிருக்காகத் தலையைப் போர்த்தியிருந்ததனால் ஓசை கேட்கவில்லையோ என்று ஆசிரியர் ஒரு வாக்கியத்திற் கூறிச் செல்கிறார். பெருங்குடும்பத்திற்கு அவன் ஒருவனே உழைப்பாளி என்ற பேச்சு எழுகிறது. விரோன்ஸ்கி விதவைக்கு இருநூறு ரூபிள் கொடுக்கிறான். அன்னா அதனைத் தீய சகுனம் என்கிறாள். நாவல் நகர்ந்து விடுகிறது. தொழிலாளி ஒருவனது சாவு நாயகியின் வாழ்வுக்குச் சகுனமாகிறது. ஈகை காதலுக்குத் தொடக்கமாகிறது. டால்ஸ்டாய் உண்மையை மறைக்கவில்லை. அச்சமூகத்தில் அச்சாவு அவ்வளவே பெறும் என்பதை ஒளிக்காமற் காட்டினார். ஆயின் அக்குளிரில் எச்சரிக்கையின்றி வண்டியைப் பின்னோக்கி நகர்த்திய ஏற்பாடு எது என்ற கேள்வி அப்பெருநாவலின் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

டிக்கன்ஸ் இவ்விடயத்தில் ஓரடி முன்னே சென்றவர். 1865ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் திகதி, இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹேர்ஸ்ட் அருகே அவர் பயணஞ்செய்த வண்டி பாலமொன்றிற் கவிழ்ந்தது, பதின்மர் மாண்டனர். பாலத்தில் வேலை செய்தோர் தண்டவாளங்களைக் கழற்றியிருந்தனர். அவ்வண்டி துறைமுகத்திலிருந்து வருவது. கடலின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்து அதன் நேரம் நாளுக்கு நாள் மாறும். வேலைத் தலைவன் நேர அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டான். சிவப்புக் கொடியுடன் ஆயிரம் யார் தொலைவில் நிற்கவேண்டியவன் 554 யார் தொலைவிலேயே நின்றான். வேலைத் தலைவன் சிறை சென்றான். நாளுக்கு நாள் மாறும் அட்டவணையை ஒரே ஒருவன் ஒருமுறை படிப்பதில் நூற்றுக்கணக்கான உயிர்களைத் தொங்கவிட்ட ஏற்பாடு சிறை செல்லவில்லை.

அடுத்த ஆண்டு டிக்கன்ஸ் எழுதிய ‘சிக்னல்மேன்’ என்ற சிறுகதையைப் பேய்க்கதை என்றே பலரும் படிக்கின்றனர். அக்கதையின் கைகாட்டிக் காவலன் ஆழ்ந்த பள்ளமொன்றில் தனியே வேலை செய்கிறான். ஆபத்து வரப்போவதை ஓர் உருவம் அவனுக்குக் காட்டுகிறது. எங்கே, எவ்வாறு என்று காட்டுவதில்லை. காரணம் சொல்ல இயலாமல் ‘ஆபத்து’ என்று தந்தி கொடுத்தால் தன்னைப் பைத்தியக்காரன் என்று வேலையினின்றும் நீக்கிவிடுவர் என அவன் அஞ்சுகிறான். அவனை வருத்துவது பேயன்று, அதிகாரமில்லாத பொறுப்பு. கீழ்நிலை ஊழியனின் தோளில் எல்லாப் பொறுப்பையும் ஏற்றி, எந்த அதிகாரத்தையும் அவன் கையிற் கொடாத ஒழுங்குமுறையே அங்கு பேயாக நடமாடுகிறது. கலைஞன் கண்ட உண்மை இது. விசாரணைச் சபைகள் பல இன்னும் இதனைக் காணவில்லை.

ஊழ் என்னும் கதை பழையது. குற்றவாளி என்னும் கதை புதியது. சாரதி தூங்கினான், கடவைக் காவலர் கதவை மூடவில்லை, நிலைய அதிபர் தவறினார் என்று ஒருவரைச் சுட்டியதும் பத்திரிகை அமைதியுறுகிறது, அமைச்சு அமைதியுறுகிறது, நாமும் அமைதியுறுகிறோம். பழைய கதை கூறியது: எவரும் பொறுப்பல்லர். புதிய கதை கூறுவது: இவர் ஒருவரே பொறுப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் செய்யும் வேலை ஒன்றே. ஏற்பாட்டை இரண்டும் விடுதலை செய்து விடுகின்றன.

இவ்விரண்டினும் உயர்ந்ததாகத் தோன்றும் மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 23ஆம் திகதி, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி, வெள்ளத்தால் அரிக்கப்பட்ட மருதையாற்றுப் பாலம் இடிந்ததனால் அரியலூர் அருகே ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே விட்டார். விபத்துக்கு அவர் காரணர் என்பதற்காக அன்று, அரசியல் ஒழுக்கத்திற்கு முன்மாதிரியாகவே அவ்விலகலை ஏற்பதாகப் பிரதமர் நேரு கூறினார். பதவியைப் பற்றிக்கொண்டிருக்கும் அமைச்சர்களையே கண்டு பழகிய நமக்கு அச்செயல் போற்றுதற்குரியதாகவே படுகிறது, போற்றுவோம். எனினும் ஆண்டுதோறும் பாடநூல்கள் சாஸ்திரியின் பெருந்தன்மையை நினைவூட்டுகின்றன. மருதையாற்றுப் பாலத்தின் அடித்தளம் எவ்வாறு கண்காணிக்கப்பட்டது, வெள்ளக் காலத்தில் பாதையைச் சோதிக்க எத்தனை பேர் இருந்தனர் என்று எப்பாடநூலும் கேட்பதில்லை. ஒருவரின் அறச்செயல் நூறு பேரின் சாவை மூடிய திரையாகி விடலாகாது.

அங்ஙனமாயின் ஏற்பாடு என்று நாம் கூறுவதுதான் யாது? மலைநாட்டுப் பாதையில் பயணஞ்செய்த வாசகர்கள், வளையமொன்றிற் கோத்த வட்டத் தட்டினைச் சாரதியும் நிலைய ஊழியரும் கைமாற்றிக் கொள்வதைக் கண்டிருப்பர். அத்தட்டின் வரலாறு அறியத்தக்கது. 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அதிகாரி கையொப்பமிடாத செய்தியொன்று தந்தியில் அனுப்பப்பட்டுவிட்டதே காரணம். தந்தி எழுத்தன் தண்டனை பெற்றான். ஆயின் அத்துடன் நில்லாத எட்வேர்ட் டையர் என்பவர், 1878இல் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். இரு நிலையங்களிலும் மின்சாரத்தால் இணைக்கப்பட்ட இரு பெட்டிகள்; ஒன்றிலிருந்து ஒரு தட்டு வெளியே எடுக்கப்பட்டால், அது திரும்பி வைக்கப்படும் வரை எந்தப் பெட்டியிலிருந்தும் இன்னொரு தட்டு வெளிவராது. தட்டில்லாத வண்டி அப்பகுதிக்குட் செல்லலாகாது. ஆகவே ஒரு வேளையில் ஒரே வண்டி. எழுத்தன் மறதிக்காரனாயினும், அதிகாரி அவசரக்காரராயினும், இரண்டாவது தட்டை அப்பெட்டி தராது. மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, அத்தவறு உயிரைக் குடிக்காதவாறு இரும்பில் வார்த்து வைப்பதே ஏற்பாடு.

இத்தகைய ஏற்பாடுகள் தாமாக வந்தனவும் அல்ல. இடைவெளி காத்து வண்டிகளை அனுப்பும் முறை, கைகாட்டியையும் பாதை மாற்றியையும் ஒன்றோடொன்று பிணைக்கும் முறை, வண்டி முழுவதையும் ஒருங்கே நிறுத்தும் தடை ஆகியவற்றை அரசாங்கப் பரிசோதகர்கள் நெடுங்காலம் வற்புறுத்தியும் கம்பனிகள் ஏற்கவில்லை. செலவு மிகும் என்றனர். கருவியை நம்பி ஊழியர் கவனம் குன்றுவர் என்றும் வாதித்தனர். 1889 ஜூன் 12ஆம் திகதி அயர்லாந்தின் ஆர்மா நகரருகே, ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர் நிரம்பிய சுற்றுலா வண்டி விபத்துக்குள்ளாகி எண்பது பேரளவில் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் முடிவதற்குள் மூன்றையும் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. பல ஆண்டுகளாக இயலாது எனப்பட்டது மூன்று மாதத்திற்குள் இயன்றது. குறுக்கே நின்றது இயற்கையுமன்று, ஊழுமன்று, கணக்குப் புத்தகம்.

இந்நோக்குடன் நம் நாட்டின் பெருந்துயரைப் பார்ப்போம். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு, பாக்கு நீரிணையின் அக்கரையில் தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் வண்டியைப் புயலலை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய ஒவ்வொரு குடும்பத்திலும் அந்நாளின் நினைவு நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை 6.50 அளவில் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட வண்டி, வெள்ளவத்தைக் கரையையும் கடந்து தெற்கே சென்றது. சற்றேறக்குறைய அதே வேளையிலேயே சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. பேரலை தெல்வத்தை அருகே பெரலியவில் அவ்வண்டியை அடைந்தது ஏறத்தாழ 9.30 மணிக்கு. முதல் அலையில் வண்டி நின்றது. இரும்பு வண்டி அசையாது என்று நம்பிய ஊர்மக்கள் அதன் கூரையில் ஏறினர். அதன் மறைவில் ஒதுங்கினர். இரண்டாவது அலை யாவற்றையும் புரட்டியது. மாண்டோர் ஆயிரத்துக்கும் மேல். 1,700 வரை எனக் கணிக்கப்படுகிறது. உலக வரலாற்றில் இதனினும் கொடிய புகையிரத அழிவு இல்லை என்பர்.

இயற்கையின் சீற்றத்திற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்பவருக்கு ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஆபத்தை அறிந்ததும் மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தினர் கரையோரப் பாதையின் ஏனைய வண்டிகள் பலவற்றை நிறுத்தினர். இவ்வண்டியை நிறுத்த அம்பலாங்கொடை நிலையத்திற்குத் தொலைபேசியில் அழைத்தனர். நிலைய ஊழியர் அனைவரும் மேடையில் அவ்வண்டிக்கான பணியிலேயே ஈடுபட்டிருந்தமையால் மணியோசைக்கு மறுமொழி கூற எவருமில்லை. வண்டி சென்றபின்பே அழைப்பு எடுக்கப்பட்டது. ஓடும் வண்டியின் சாரதியோடு நேரே பேசும் வசதியும் இருக்கவில்லை. கடலின் அலையை எவரும் தடுத்திருக்க முடியாது, வண்டியைத் தடுத்திருக்கலாம். அலையை ஊழென்று கொள்வோம். ஒலித்து ஓய்ந்த தொலைபேசியை எவ்வாறு ஊழென்று கொள்வது? அவ்வண்டியை இழுத்துச் சென்ற ‘மனிடோபா’ இயந்திரம் செப்பனிடப்பட்டு, நினைவு நாளில் பெரலியவுக்குச் சென்று அஞ்சலி செலுத்தும் வழக்கம் ஏற்பட்டது. மனதை உருக்கும் வழக்கம் அது. ஆயினும் அஞ்சலியைக் காட்டிலும் மாண்டவர் நம்மிடம் கேட்பது, அடுத்த அழைப்பை எடுக்க ஓர் ஆளும் ஒரு கருவியும்.

சாதாரண நாட்களின் சாவுகளைப் பற்றியும் பேசவேண்டும். 2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலைக்கு அண்மையில் யாங்கல்மோதரைக் கடவையில், புகையிரதத்தை முந்திக் கடந்துவிட முயன்ற தனியார் பஸ் மோதுண்டு முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாரதியின் குற்றம் வெளிப்படை, அதனை மறைப்பதற்கில்லை. ஆயின் நாளாந்தச் சேகரிப்புத் தொகைக்காகப் பஸ்கள் ஒன்றையொன்று துரத்தியோடும் முறைமைதான் அச்சாரதிக்கு அவ்வேகத்தைப் பயிற்றியது. பின்னர் காவலற்ற கடவைகளுக்குப் பொலிசாரின் மேற்பார்வையில் காவலர் அமர்த்தப்பட்டனர். பல ஆண்டுகளாக அவர்கள் பெற்ற கூலி நாளொன்றுக்கு 250 ரூபா. அத்தொகைக்கு எதிராக அவர்கள் போராடியபோது பயணிகளின் உயிரைப் பணயம் வைப்பதாகக் குற்றஞ்சாட்டியோர், அத்தொகைக்குப் பயணிகளின் உயிரை ஒப்படைத்தவர் எவர் என்று கேட்டாரில்லை. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டது. யாழ்தேவியை மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர். கால் நூற்றாண்டு வண்டியோசை கேளாத ஊர்களுக்குள் வேகமான வண்டி வந்தது. காவலற்ற கடவைகளும் அதனுடன் வந்தன.

2023 செப்டெம்பரில் சாரதிகளின் பணிப்புறக்கணிப்பு நிகழ்ந்தபோது, ஓடிய சில வண்டிகளில் மக்கள் கூரைமீதும் ஏறினர். ஹொரபேயில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பணிப்புறக்கணித்தோரைச் சிலர் ஏசினர். கூரையில் ஏறிய இளைஞரைச் சிலர் ஏசினர். ஏறாவிடில் அவர் அன்று எவ்வாறு செல்வேண்டிய இடத்திற்குச் சென்றிருப்பார் என்று வினவியோர் சிலரே.

கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால் யாவும் தீரும் என்பாரும் உளர். அவர்களுக்கும் பாடமுண்டு. 2023 ஜூன் 2ஆம் திகதி ஒடிசாவில் பஹநகா பஜார் நிலையத்தருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி பக்கப் பாதையில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது; 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோதலைத் தடுக்கும் ‘கவச்’ கருவி அப்பாதையில் இல்லை என்ற கூக்குரல் உடனே எழுந்தது. ஆனால் சாரதிக்குக் காட்டப்பட்டது பச்சை விளக்கு. பாதுகாப்பு ஆணையாளரின் விசாரணை, கைகாட்டி மின்சுற்றில் முன்னர் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழையையும், கடவைக் கதவு வேலையின்போது நேர்ந்த பிழையையும் சுட்டியது. பச்சை என்று பொய் கூறும் கம்பியை நம்பினால் எக்கருவியும் பொய்யையே கூறும். கம்பியை இணைத்தவனது வேலையை இன்னொருவர் சோதிக்கும் நேரமும் ஆளும் ஒழுங்குமே இறுதிக் காவல். அவ்விபத்தின் மறுநாள், அருகிலிருந்த கட்டிடம் பள்ளிவாசல் என்றும், நிலைய அதிபர் முஸ்லிம் என்றும் பொய் பரப்பினர் சிலர். அது இந்துக் கோவில். வதந்திக்கெதிராக ஒடிசாப் பொலிசார் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. குற்றவாளி ஒருவனைத் தேடும் கதை, கையெட்டும் தூரத்திலுள்ள சிறுபான்மையினனிடம் எவ்வளவு விரைவிற் சென்று நிற்கிறது என்பதை இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். ஏற்பாடு ஏற்பாடு என்று கூறித் தனிமனிதப் பொறுப்பை அழித்துவிடுகிறீர்களே என்பது ஒன்று. அழிக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி செலுத்துபவன் குற்றவாளியே. தொலைபேசியைப் பார்த்தவாறு தண்டவாளத்தில் நடப்பவன் அறிவிலியே. ஆயின் ஒருவனைத் தண்டித்தபின் அதே இடத்தில் அதே தவறு மீண்டும் உயிரைக் கொள்ளுமாயின், தண்டனை நீதியாகலாம், பாதுகாப்பு ஆகாது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றமென்று பலகை நாட்டுவதோடு, கடக்க வேண்டிய இடங்களில் கடக்க வழி செய்வதும் கடமை. வறிய நாட்டிற்கு இத்தனை செலவு இயலுமா என்பது மற்றொன்று. அதிவேக நெடுஞ்சாலைகளுக்குக் கடன் பெற முடிந்த நாடு இது. 2022இல் எரிபொருள் இன்றி வாகனங்கள் முடங்கியபோது தொழிலாளரையும் மாணவரையும் சுமந்தது புகையிரதம். அப்போது அதன் அருமையை அறிந்தவர்கள் அதன் கதவை மூடுவதற்குப் போதிய பெட்டிகளைப் பற்றியும் சிந்திக்கலாம்.

இவையெல்லாம் அரசினரும் தொழிற்சங்கங்களும் பேசவேண்டியவை. இலக்கியத்திற்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். சிறுகதை விசாரணை அறிக்கையாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆயின் எழுத்தாளன் எதனைப் பார்க்கிறானோ அதனையே சமூகம் நாளடைவிற் பார்க்கிறது. விபத்தை எழுத முனையும் இளம் எழுத்தாளர், இரத்தத்தை வருணிப்பதற்கு முன் மணியோசைக்கு மறுமொழி கூற ஆளில்லாத அறையை வருணிப்பாராக. எமனை அழைப்பதற்கு முன் 250 ரூபாவிற்கு மழையில் நிற்பவனது குடிசையை எட்டிப் பார்ப்பாராக. பதிவு செய்யாத பெட்டியில் ஏறிய கூலித் தொழிலாளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவனுக்கு ஒரு பெயரும் ஊரும் கொடுப்பது கலைஞனால் இயலும்.

‘தடுக்க முடியாதது’ என்று எழுதப்படும் ஒவ்வொரு முறையும், தடுக்கக்கூடிய ஒருவர் தம் மேசையினின்றும் ஒரு கோப்பை அகற்றி விடுகிறார். ‘தடுத்திருக்கலாம்’ என்று சான்றோடு எழுதப்படும் ஒவ்வொரு முறையும் அக்கோப்பு மீண்டும் அம்மேசைக்கு வருகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரு சொல்லளவே வேறுபாடு. அச்சொல்லைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எழுதுவோரைச் சார்ந்தது. அதனைப் பிழையென்றால் பிழையென்று கேட்கும் உரிமை வாசகரைச் சார்ந்தது.